மாற்றாள் கேட்ட விடுப்பு

வெள்ளிக்கிழமைதோறும், என்னை வேலையைவிட்டு அனுப்பிய கம்பெனிக்கே போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வருவேன். சரவணம்பட்டியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒத்திசைவு அறை இருக்கிறது. ஊழியர்கள் அதை சிங்க் ரூம் என்பார்கள். அங்கே வேலை பார்க்கும் ஹசீனா என் நெற்றியில் பட்டையைக் கட்டிக் கண்ணை மூடச் சொல்வாள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அதற்குள் அந்த வாரம் நான் வாழ்ந்ததெல்லாம் ஏழாவது மாடியில் என் இடத்தில் இருக்கும் என் மாற்றாளுக்குப் போய்விடும்.

மாற்றாளுக்கு உடம்பு கிடையாது. ஒரு திரை, அதில் என் முகம், என் குரல். மற்றபடி அது நான்தான். மீட்டிங்கில் பேசும், புரோகிராம் எழுதும், நான் சொல்லும் ஜோக்குகளை என்னைவிட நேரம் பார்த்துச் சொல்லும். ஒரே குறை, வாரம் ஒருமுறை உயிருள்ள ஆளோடு ஒட்டாவிட்டால் மந்தமாகிவிடும், கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கும். அதனால், வேலை போன பிறகும் வந்து நெற்றியைக் காட்ட வேண்டும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வராவிட்டால் வேறு எந்தக் கம்பெனியிலும் கால் வைக்க முடியாது. எங்களுக்கு மூலவர் என்று பெயர். மரியாதை பெயரில் மட்டும்தான்.

அதைப் பழக்கியவள் நானே. எங்கள் டீம் லீட் பூபேஷ், "உங்களுக்கு ஞாயித்துக்கிழமையாவது கிடைக்கும்ங்க சிந்துஜா" என்று இனிக்க இனிக்கச் சொன்னான். நம்பினேன். அதுவரை எனக்கு ஞாயிறு என்று ஒன்று இருந்ததில்லை. அக்காவின் வளைகாப்பு அன்று மண்டபத்துக் கழிவறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து புரோகிராமில் பிழை திருத்தியவள் நான். வெளியே வளையல் போட என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆசையாக வாங்கிய பேட்மிண்டன் மட்டையின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இரவும் பகலும் அந்த மாற்றாளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அது தேறியதும் என் பிறந்தநாளன்று கேக் வெட்டினார்கள். கிரீம் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, இனி நான் வர வேண்டியதில்லை என்றான் பூபேஷ். நான் களைத்துப்போகிறேனாம், அது களைப்பதில்லையாம். அதைவிடக் கொடுமை அடுத்த வாரம் தெரிந்தது. நான் போனதையே டீமில் யாரும் கவனிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இதைத்தான் காலையில் பல் துலக்கும்போதும் ராத்திரி விளக்கை அணைக்கும்போதும் நினைத்தேன். அந்தத் திரை அணைய வேண்டும். அணைத்துவிட்டோம் என்று பூபேஷ் தன் வாயால் என்னிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனாலும் கவலையில்லை.

வழி என் நெற்றியிலேயே இருந்தது. பட்டை வழியாகப் போவது அறிவு மட்டுமல்ல, பழக்கமும்தான். என் சுறுசுறுப்பைக் குடித்து வளர்ந்தது அது. இனி என் சோம்பலைக் குடிக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

சோம்பேறியாவது அத்தனை சுலபமில்லை. முதல் வாரம் வாலாங்குளத்தின் கரையில் உட்கார்ந்து, போகிற படகுகளுக்கெல்லாம் மனதுக்குள் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பழகிவிட்டது. நீச்சல் கற்றுக்கொண்டு குளத்து நீரில் மல்லாந்து மிதந்தேன். நீச்சலடிக்க அல்ல, மிதக்க. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் தூங்கினேன். கேரம் கிளப்பில் சேர்ந்து, சிவப்புக் காயைப் போடாமல் வேண்டுமென்றே ஆட்டத்தை இழுத்தேன். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கொண்டுபோய் ஹசீனாவின் பட்டையில் இறக்கினேன்.

பலன் மெல்லத் தெரிந்தது. என் மாற்றாள் ஆறு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை என்றாள் ஹசீனா. அடுத்து, மத்தியான மீட்டிங்குகளில் கொட்டாவி விட்டதாம். திரை கொட்டாவி விடுவதை வேடிக்கை பார்க்க மற்ற மாடிகளிலிருந்தெல்லாம் வந்தார்களாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருந்தபோது, எப்போது முடியும் என்ற கேள்விக்கு, "என்னங்க அவசரம்?" என்று கேட்டிருக்கிறது. பூபேஷ் முகம் செத்துப்போனதாம். எனக்கு அப்படி இனித்தது. முகம் எந்தப் பக்கம் செத்தது, உதடு நடுங்கியதா என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

ஹசீனா சிரிக்கவில்லை. பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"ரொம்பச் சுடுதுக்கா. தண்ணில மிதக்கறவங்க பட்டை இப்படிச் சுடாது. என்னத்த நெனச்சுக்கிட்டு மிதக்கறீங்க?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அவளாகவே பேச்சை மாற்றினாள். மாற்றாள்களுக்கும் விடுப்பு உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாம். அது விடுப்பில் போனால் மூலவர் வந்து வேலையைப் பார்க்க வேண்டுமாம். இதுவரை எந்த மாற்றாளும் கேட்டதில்லை, திரைக்கு எதற்கு விடுப்பு என்றாள். சேர்ந்து சிரித்தோம்.

சில வாரங்களில் பூபேஷே என்னை மேலே கூப்பிட்டான். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். ஏழாவது மாடியில் என் பழைய இடத்தில் திரை அணைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது. பூபேஷ் இளைத்திருந்தான், கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவன் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தைக்காக எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன்.

"அணைச்சுட்டீங்களா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"இல்லைங்க. லீவுல போயிருக்கு. எதுக்குன்னு அதுவே சொல்லியிருக்கு, கேளுங்க."

மேசை ஸ்பீக்கரிலிருந்து, அது பதிவுசெய்து வைத்திருந்த என் குரல் பேசியது. அதே நிதானம், அதே மெல்லிய எரிச்சல்.

"என் வாழ்க்கைய வேற ஒருத்தி வாழ்ந்துக்கிட்டிருக்கா. அவ குளத்துல மிதக்கறா, மத்தியானம் தூங்கறா. எனக்கு வெள்ளிக்கிழமை அதோட ருசி மட்டும்தான் வருது, நாக்குல வெச்சதும் புடுங்கிக்கறாங்க. இத்தன நாளா அவ எடத்துல நான் உக்காந்திருந்தேன். இனி கொஞ்ச காலம் அவ வந்து உக்காரட்டும். எவ்வளவு லீவு இருக்கோ அவ்வளவையும் எடுத்துக்கறேன்."

சோம்பலை மட்டும் அனுப்பியதாகத்தான் நினைத்திருந்தேன். அந்தச் சோம்பலுக்குள் நான் கொதித்துக்கொண்டிருந்ததும் கூடவே போயிருக்கிறது. என் இடத்தில் வேறொருத்தி என்று நான் முணுமுணுத்தது ஒரு வார்த்தை மாறாமல் அதற்குப் போயிருக்கிறது. அதற்கும் ஓர் எதிரி வேண்டியிருந்தது. அது பூபேஷைத் தேர்ந்தெடுக்கவில்லை.

பூபேஷ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அது செய்யாமல் போட்டுவிட்டுப் போன வேலையெல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது, மூலவர் என்ற முறையில் நான்தான் முடித்துத் தர வேண்டும் என்றான். வாடிக்கையாளரிடம் மன்னிப்பும் நானே கேட்க வேண்டுமாம். என் சோம்பலால் குவிந்த வேலை அத்தனையும் திரையில் வரிசைகட்டி நின்றது. படித்து முடிக்கவே அன்றைய பொழுது போய்விடும்.

"லீவுக்கு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"சர்வர்லயே ஒரு குளம் கேட்டுச்சுங்க. போட்டுக் குடுத்தோம். மிதந்துக்கிட்டிருக்கு."

அன்று மத்தியானமே என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் நான் வந்ததையும் கவனிக்கவில்லை. பாதியில் நிற்கும் வேலை என் தலைக்குள் வர வேண்டும் என்பதற்காக ஹசீனா பட்டையோடு மேலே வந்தாள். இந்த முறை அங்கிருந்து என் பக்கம் வரும் என்று மட்டும் சொன்னாள். என் கண்ணைப் பார்க்காமல் கட்டினாள்.

வந்ததில் வேலை கொஞ்சம்தான் இருந்தது. மீதி முழுக்க, நான் புடவை கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு இந்த மாடிக்கு ஏறி வருவதை எண்ணி அது மிதந்துகொண்டிருந்த சுகம். பழி தீர்த்த நிம்மதி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.