ரெண்டு சீட்டுக் கார்

மழையில் குடை பிடித்துக்கொண்டு கார் ஓட்டும் ஆளை ஜெனீரா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவு. பஸ் பழுதாகி ஓரமாய் நின்றுவிட்டது. இறங்கும்போது கால் பிரண்டதில், அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கை ஸுபைரா, ஒரு கல்லில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தாள். தேயிலைச் சரிவுகளெல்லாம் மழைக்குள் கரைந்து போயிருந்தன... அந்த வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று வெளிப்பட்டது. கூரையில்லாத குட்டிக் கார். ஓட்டியவன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் ஒரு கறுப்புக் குடையையும் பிடித்திருந்தான். குடை அவன் தலைக்கு மேல் இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த மீட்டர்களுக்கு மேல் இருந்தது.

ஜெனீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆனால் கண்கள் வெளியே இருந்தனவே...

அந்தக் கண்களைப் பார்த்துத்தான் ஸரூக் பிரேக் போட்டான். காயப்பட்ட ஒரு பெண்மணிக்காக நிறுத்தியதாகப் பிற்பாடு அவன் சொன்னதை நம்பியவர்கள் பதுளையில் யாருமில்லை. அழகான கண்களுக்கு மீனை உவமை சொல்வது வழக்கம். பெரகலைக் கடைகளில் கிடைப்பது கருவாடுதான் என்பதால் அதை விட்டுவிடலாம். கரிய, பெரிய, குறும்பு வழியும் கண்கள். போதும்.

"குடை யாருக்கு?" என்றாள்.

"மீட்டருக்கு."

"ஏன், மீட்டருக்குக் காய்ச்சல் வருமா?"

ஸரூக்குக்குச் சுருக்கென்றது. பதுளை பஸாரில் புடவைக்கடை வைத்திருப்பவன் அவன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து இந்த ஆல்ஃபா ரோமியோவை வாங்கியிருந்தான். இத்தாலிக்காரன் செய்தது, இந்தத் தீவிலேயே இது ஒன்றுதான் என்று சொல்வான். யாரும் மறுத்ததில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் அதை ஒரு பிஸ்கட்டின் பெயர் என்று நினைத்தார்கள். காரின் கூரைத் துணியைத் துரையின் நாய் கிழித்துவிட்டது. உள்ளூர்த் துணியைப் போட்டால் 'ஒரிஜினல்' கெட்டு மதிப்பு இறங்கிவிடும் என்பதால் கார் திறந்தே கிடந்தது. கடை நிறையப் புடவை வைத்திருந்தவனின் காருக்குத் துணியில்லை.

"இது சும்மா கார் இல்ல," என்றான் கம்பீரமாக. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"தெரியுது. சும்மா கார் எண்டா கூரை ஈக்குமே."

கல்லில் இருந்த சாச்சி பொறுமையிழந்தாள். "தம்பி, பெரகலச் சந்தில எலும்பு பாக்குற வெதமாத்தயா ஈக்காரு. எங்கள அங்க விட ஏலுமா?"

ஸரூக் காரைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். சீட் இரண்டு. அதில் ஒன்று அவனுடையது. அந்நிய ஆணோடு சாச்சி தனியாகப் போவதா? கூடாது. ஜெனீரா தனியாகப் போவதா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. உலகத்தின் சிறந்த பொறியியலாளர்கள் கூடிச் செய்த வாகனத்தில், ஒரு மரியாதையான முஸ்லிம் குடும்பம் துணையோடு போக வழியில்லை.

"சாவியத் தாங்க," என்றாள் ஜெனீரா. "சாச்சிய நான் கொண்டு போறேன். நீங்க நடந்து வாங்க."

"நீங்க... ஓட்டுவீங்களா?"

"வாப்பாட லொறி ஓட்டுவேன்."

பெற்ற தாயைக்கூட அந்த ஸ்டியரிங்கைத் தொட விடாதவன் அவன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான்... கை சாவியை நீட்டிவிட்டது. அவள் வலப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, எதிரே ஒன்றுமில்லாததைக் கண்டு திகைத்தாள்.

"ஸ்டியரிங் அந்தப் பக்கம்."

"வாங்கக்குள்ள யாரும் சொல்லலயா?"

சிவப்புக் கார் வளைவில் மறைந்தது. ஸரூக் குடையை விரித்தபடி நடந்தான். வாழ்க்கையில் முதன்முறையாக அது அவன் தலைக்கு மேல் இருந்தது.

பெரகலையில் ஒரு கடையின் தாழ்வாரத்துக்குள் கார் நின்றது. சீட்டுகளின் மேல் தேயிலைக் கொழுந்துச் சாக்கு போர்த்தியிருந்தது. ஜெனீரா ஓரமாக நின்றாள். இப்போது அவள் முகத்தில் குறும்பில்லை.

"கதவுல ஒரு கீறல் விழுந்திட்டு. வளைவுல கல்லுல பட்டது. என்ட பிழைதான்."

ஸரூக் கதவின் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, "சாச்சிட கால் எப்பிடி?" என்றான்.

பக்கத்துத் திண்ணையில், நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவின் திண்ணிய கைகளுக்குள் காலை விட்டுக் கதறிக்கொண்டிருந்த சாச்சி, அந்த வேதனையிலும் அதைக் குறித்துக்கொண்டாள். ஸரூக் வேறொன்றைக் குறித்துக்கொண்டான். கடைக்காரரை, பஸ் கண்டக்டரை, எல்லா ஆண்களையும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்ட ஜெனீரா, அவனை மட்டும் ஒன்றுமே கூப்பிடவில்லை... மழை அப்போதே விட்டுவிட்டது போலிருந்தது அவனுக்கு. உண்மையில் அது மாலைவரை பெய்தது.

அடுத்த வாரமே ஸரூக்கின் உம்மா ஹம்ஸியா, கேக்கும் பேரீச்சம்பழமுமாக, ஜெனீராவின் ஊரான பண்டாரவளைக்குப் பெண் கேட்டுப் போனாள். பஸ்ஸில்தான் போனாள். அதுதான் வினையாயிற்று. ஜெனீராவின் வாப்பா லத்தீப் நான்கு லொறிகளின் சொந்தக்காரர்.

"மகன்ட கார் எங்க? ஏன் பஸ்ஸில வந்தீங்க?"

"அதுல எனக்கு ஏறி எறங்க ஏலா. ரெண்டு சீட்டுத்தானே..."

"ரெண்டு சீட்டுக் கார் வாங்கினவன் பெத்த உம்மாவ எங்க வைப்பான்? நாளைக்குப் புள்ள பொறந்தா எங்க வைப்பான், பொனட்டுலயா? அத வித்துப்போட்டு நாலு கதவுள்ள ஒண்டோட வரச் சொல்லுங்க. பேசலாம்."

ஸரூக்கின் தன்மானம் சீறியது. "காரை வித்துத்தான் கலியாணம் எண்டா, அந்தக் கலியாணம் எனக்கு வாணாம்," என்றான் கடை நடுவில் நின்று. பதுளையில் சொன்னது பண்டாரவளைக்குப் போய்ச் சேர ரயில் தேவையில்லை.

அன்று பின்னேரம் ஜெனீரா லொறிக் கொட்டிலுக்குப் போனாள். ஒரு லொறியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தகரத்தின் மேல் மழை... அவன் கார் கூரையில்லாதது. அங்கே இந்தச் சத்தம் கேட்காது என்று நினைத்தாள். எதற்கு அழுகை வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

இரண்டு மாதம் போனது. ஸரூக் காரைத் துடைத்தான், ஓட்டவில்லை. பிறகு கொழும்பிலிருந்து இத்ரூஸ் என்ற கனவானை வரவழைத்தான். வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கு அபூர்வக் கார்கள் தேடிக் கொடுப்பவர் அவர். வெள்ளைக் காற்சட்டையும் பூதக்கண்ணாடியுமாக வந்து, காருக்கடியில் படுத்தார். கறுப்புக் காற்சட்டையோடு எழுந்தார்.

"சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பொருந்துது. மிஸ்டர் ஸரூக், இது கார் இல்ல, கலை." கதவருகே வந்ததும் முகம் சுளித்தார். "இந்தக் கீறல்? பெயின்ட் பண்ணிரலாமே. மதிப்புக் கூடும்."

"வாணாம்," என்றான் ஸரூக் அவசரமாக. "அது ஒரிஜினல்."

விலை பேசியாயிற்று. மறுநாள் காலை அவர் காரை எடுக்க வருவதாக ஏற்பாடு. அவருக்கு முன்னால் கடைக்கு வந்தவர்கள் வேறு இருவர். சாச்சி கொஞ்சம் நொண்டினாள்.

"சீத்தத் துணி காட்டுங்க," என்றாள் சாச்சி. அந்தப் பூப்போட்ட பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்ப்பதற்காக வாசல் வரை நகர்ந்து, முதுகைக் காட்டி நின்றாள். இவ்வளவு நேரம் எந்தச் சீத்தையையும் யாரும் பார்த்ததில்லை.

ஜெனீரா மேசையின் இந்தப் பக்கம். ஸரூக் அந்தப் பக்கம்.

"காரை விக்கிறீங்களாம்."

"ஓம்."

"எனக்காகவா?"

அவன் அளவுகோலை எடுத்தான், வைத்தான்.

"எனக்காக விக்க வாணாம். இப்ப நல்லாத்தான் ஈக்கும். மறுகா ஒவ்வொரு மழைக்கும் ஜன்னல் பக்கம் நிண்டு பெருமூச்சு விடுவீங்க. காலம் முழுக்க அத என்னால கேட்டுக்கொண்டு ஈக்க ஏலா."

"விக்காட்டி உங்கட வாப்பா தரமாட்டாரே..."

ஜெனீரா தலையைக் குனிந்தாள். வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை மேசையைப் பார்த்தே சொன்னாள்.

"மஹர் பொண்ணு கேக்கிறது, இல்லயா? மாப்பிள குடுத்தா அது அவளுக்கே சொந்தம். வாப்பாவும் தொட ஏலா, புருஷனும் தொட ஏலா... எனக்கு நகை வாணாம். அந்தக் காரக் கேக்கிறேன்."

வாசலில் ஹோர்ன் சத்தம். இத்ரூஸ் வந்துவிட்டார்.

ஸரூக் ஒரு கணம் கண்ணை மூடினான். விற்றால் பணமாவது மிஞ்சும். இதில் அவன் பெயரே மிஞ்சாது. 'ஸரூக்கின் கார்' என்று இனி எவரும் சொல்லப் போவதில்லை... அந்தப் பெருமையைத் தூக்கி அவள் கையில் வைக்க வேண்டும். அவ்வளவுதானே? அவ்வளவும்தான்.

வெளியே வந்தான். "மன்னிச்சுக்கோங்க, ஐயா. விக்க ஏலா. கார் என்டது இல்ல."

"பின்ன யாருடைய கார்? நேத்து உங்களோடதானே பேசினேன்?"

"நேத்து என்டதுதான்."

கனவான் கலையைப் பற்றியும் வாக்கைப் பற்றியும் ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டுப் புறப்பட்டார். அதைக் கேட்டவள் சாச்சி மட்டுமே. ஸரூக் உள்ளே திரும்பியிருந்தான்.

"வருத்தமா?" என்றாள் ஜெனீரா மெல்ல.

"பொய் சொல்ல மாட்டேன். வருத்தந்தான்." அவன் அளவுகோலைத் தள்ளி வைத்தான். "ஆனா ரெண்டு மாசமா அதுல ஏறி உக்காந்தா, பக்கத்துச் சீட்டப் பாக்கிறேன்... பாத்துப்போட்டு எறங்கிடுறேன். ஓட்ட மனசு வரல்ல. உங்களத்தான் விரும்புறேன், ஜெனீரா. காரை இல்ல."

வாசலில் சீத்தை சற்றே அசைந்தது. "லத்தீப் மச்சானுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றது சாச்சியின் குரல். "மாப்பிளைக்கு ரெண்டு சீட்டுக் கார் இல்ல, காரே இல்ல எண்டு. சொந்த மகள்ட சொத்த அவர் குறை சொல்ல ஏலுமா?"

ஸரூக் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். ஜெனீரா அதைத் தொடவில்லை. ஒரு விரலால் அவன் பக்கமாகவே தள்ளினாள். கன்னம் சிவந்திருந்தது.

"நிக்காஹ் அண்டைக்குத் தாங்க. அது வரைக்கும் என்ட காரக் கவனமாப் பாத்துக்கோங்க..."

வாசல் வரை போனவள், அங்கே நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"உங்களையும்."