பாத்துக்கிட்டேன்

கடைசியாகத் தொட்டவனே சொந்தக்காரன்; அது எதை உடைத்தாலும் குற்றம் அவனுடையது. விண்குப்பைக்குச் சட்டம் அவ்வளவுதான். விண்வெளி விபத்துகளை விசாரிக்கும் மோதல் மன்றத்தில் கஸ்பார் நின்றதும் அதனால்தான்.

துறைமுகத்தில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவன். இப்போது குலசேகரன்பட்டினத்துக் கட்டுப்பாட்டறையில் உட்கார்ந்தபடி, வானத்தில் சுற்றும் உந்துகலத்தை ஓட்டி, உடைந்த ராக்கெட் துண்டுகளை ஓரம் தள்ளுகிற வேலை. மார்ச்சில் ஒரு துண்டு, நான்கு பேர் குடியிருக்கும் ‘மிதவை’ நிலையத்தை நோக்கி வந்தது. தள்ளினான். நிலையம் தப்பியது. பத்து நாள் கழித்து அதே துண்டு ஒரு வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தது. அவன் தொட்டது நிரூபணமானால் ஏழு வருஷம் உள்ளே.

உந்துகலத்தின் பதிவுக்கருவி அன்று பழுது. மிஞ்சிய சாட்சி, பணி முடிந்ததும் அவன் சொல்லிவைத்த ஒருவரிக் குரல்குறிப்பு: “அந்தத் துண்ட நான் பாத்துக்கிட்டேன்.”

“அண்ணாச்சி, பாத்துக்கிட்டேன்னா என்ன?” அவனுடைய வக்கீல் தமயந்தி விசாரணைக்கு முந்தின நாளே கேட்டிருந்தார்.

“வேலைய முடிச்சிட்டேன்னு அர்த்தம். வேற என்ன?”

“இல்ல. கண்ணால பாத்தீங்க. அவ்வளவுதான்.”

“எங்க மூட்டக்காரப் பயலுவ கேட்டா சிரிப்பானுவம்மா.”

“சிரிக்கட்டும். ஜெயில்ல அவங்களா இருக்கப்போறாங்க?”

மன்றத்தில் நடுவர் கேட்டபோது, “கண்ணால பாத்தேன்யா, கை வைக்கல” என்றான். மன்றத்தின் மொழிப்பொறி ஆராய்ந்துவிட்டு, அந்தப் பொருளும் உண்டு என்றது. விடுதலை. அவனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, பசியும் வரவில்லை.

தீர்ப்பை உந்துகலக் கம்பெனிக்காரர்கள் கவனமாகப் படித்தார்கள். தள்ளினால் வழக்கு, வெறுமனே பார்த்தால் வழக்கில்லை. ஒரே வாரத்தில் எல்லா உந்துகலங்களிலும் தள்ளுகிற உந்திகளை முடக்கிவிட்டு, காமிராவை மட்டும் விட்டுவைத்தார்கள். மற்ற நாட்டுக் கம்பெனிகளும் அப்படியே. கஸ்பாரை ‘நோக்காளர்’ ஆக்கினார்கள்; எது எப்போது எதில் மோதுகிறது என்று பார்த்துக் குறிப்பதுதான் வேலை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், உடைந்த செயற்கைக்கோளின் சில்லு ஒன்று மிதவையின் பாதையில் வந்தது. நாற்பது நிமிஷம் இருந்தது. நிலையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“அண்ணே, மார்ச்சுல எங்களக் காப்பாத்துனது நீங்கதான்னு தெரியும். இதையும் ஒரு தட்டு தட்டிவிடுங்க.”

கஸ்பார் உந்தியை இயக்கும் பிடியை அழுத்தினான். இன்னொரு தரம் அழுத்தினான்.

“உந்தி செத்துக் கிடக்கும்மா. தப்பிக்கிற கலத்துல ஏறிருங்க.”

“அதுல ரெண்டு பேருதான் போகலாம்.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“அண்ணே, இருக்கீங்களா? என்ன செய்றீங்க?”

“நேரத்தக் குறிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றான்.