ஒரு மணிப் படகுக்கு முன்

"உனக்குக் கதைக்கவே வராது. நீ எப்பிடியடி கள்ளனைப் பிடிக்கப்போறாய்?"

பொலிஸில் சேர்ந்தபோது தக்சாயினியிடம் அவளுடைய அக்கா இப்படிக் கேட்டாள். தக்சாயினி கொஞ்சம் யோசித்தாள். "கதைக்கிறது கள்ளன்ரை வேலை அக்கா. நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்" என்றாள்.

இப்போது அவள் சப் இன்ஸ்பெக்டர். இன்னமும் அதிகம் பேசுவதில்லை.

சனிக்கிழமை, காலை 9.10. ஊர்காவற்றுறையிலிருந்து வந்த படகு அந்தச் சின்னத் தீவின் துறையில் முட்டி நின்றது. தக்சாயினியும் கொன்ஸ்தாபிள் லெனாட்டும் இறங்கினார்கள். தீவின் பெயர் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

களவு போனது ஒரு கமரா. பறிகொடுத்தவள் அனிகா, நெதர்லாந்துக்காரி. முதுகில் ஒரு பையோடு வந்தவள், முத்துக்குமாருவின் கடற்கரை விடுதியில் இரண்டு வாரமாக நீந்துவதும் வலை ஊஞ்சலில் படுப்பதுமாகக் களைப்பாறிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போனாள். ஐந்து மணிக்குத் திரும்பி, முற்றத்தில் அமர்ந்து தேநீர் குடித்தாள். பிறகு அறையைத் திறந்தாள். பூட்டு உடைக்கப்படவில்லை. யன்னல் கம்பிகள் அசையவில்லை. மேசைமேல் வைத்த கமரா மட்டும் இல்லை.

அந்த அறைக்கு இன்னொரு சாவி உண்டு. அது குசினிச் சுவரில் ஆணியில் தொங்கும். அந்த ஒரு மணி நேரம் விடுதியில் இருந்தவள், அறைகள் கூட்டும் பிரதீபா ஒருத்திதான்.

"விசாரிக்க என்ன கிடக்கு மிஸ்?" என்றார் முத்துக்குமாரு. "நான் யாழ்ப்பாணம் போயிட்டன். சமைக்கிற கஜீவன் தண்ணிக்குப் போயிட்டான். மிச்சம் உவள்தான். ஒரு மணிப் படகிலை ஏத்திக்கொண்டு போங்கோ, அங்கை எல்லாம் சொல்லுவாள்."

"சொல்லாட்டி?"

"சொல்ல வைக்கிறதுதானே உங்கடை வேலை."

பிரதீபா மாமரத்தடியில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"நாலு மணிக்கு எங்கை நிண்டனீங்கள் அக்கா?"

"பின்வேலியடியிலை. சருகு கூட்டிக் கொழுத்தினனான். அங்கை நிண்டால் அறையள் தெரியாது."

"கஜீவன்?"

"நான் பின்னாலை போக முன்னம், தண்ணிக் கலனைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வாசல் படலையாலை போனதைக் கண்டனான். வந்ததைக் காணேல்லை." அவள் விளக்குமாற்றை நிலத்தில் ஊன்றினாள். "ராத்திரியே முத்துக்குமாரு ஐயா ஆக்களைக் கூட்டிக்கொண்டு எங்கடை வீட்டை வந்து கிண்டினவர். மகளின்ரை பள்ளிக்கூடப் பையையும் நிலத்திலை கொட்டினவை. மிஸ், அந்தப் படகிலை உங்களோடை ஏறினனெண்டால் துறையிலை நிக்கிற சனம் முழுக்கப் பாக்கும். நாளைக்கு நீங்கள் விட்டாலும் நான் கள்ளிதான். மகள் கள்ளியின்ரை பிள்ளைதான்."

தக்சாயினி மணிக்கூட்டைப் பார்த்தாள். 10.25.

கஜீவன் தட்டத்தில் தேநீர் கொண்டுவந்தான். முப்பது வயது, சிரித்த முகம். ஒரு கோப்பையைக் கேட்காமலே அனிகாவின் முன்னால் வைத்தான். "இது அவவின்ரை. சீனி தொடமாட்டா. மிஸ்ஸுக்கு எத்தினை கரண்டி?"

"ஒண்டு. நீங்கள் நேற்று நாலு மணிக்கு?"

"நல்ல தண்ணிக் கிணத்தடிக்கு. தீவின்ரை அந்தத் தொங்கல். விடுதிக் கிணறு சவர், குளிக்கத்தான் சரி. குடிக்கவும் தேத்தண்ணிக்கும் அங்கையிருந்துதான் எடுக்கிறது. ரெண்டு கலன் நிரப்பி, சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்து சேர ஐஞ்சு மணி. வந்த கையோடை இவவுக்குத் தேத்தண்ணி ஊத்தினனான்."

"கிணத்தடியிலை ஆரும் கண்டதோ?"

"அந்த வெயிலுக்கை ஆர் மிஸ் வாறது?"

தேநீர் நன்றாக இருந்தது. லெனாட் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினான்.

அனிகா ஆங்கிலத்தில் பேசினாள். கோபப்படவில்லை. கமரா போனதைவிடப் படங்கள் போனதுதான் கவலை என்றாள். "இங்கே எல்லோரையும் எடுத்தேன். பிரதீபா சிரித்துக்கொண்டே முகத்தை மூடுவாள். கஜீவன் விடியற்காலை படகிலிருந்து ஏதோ கறுப்பாக, வழவழவென்று கூடை கூடையாக இறக்கினான். அதுதான் நான் எடுத்ததில் மிக நல்ல படம். நேற்று மதியம் அவனுக்கே காட்டினேன். இரவு இணையத்தில் போடப்போகிறேன் என்று கைபேசியைத் தொட்டுக் காட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான். பாவம், இங்கே எல்லோருக்கும் கூச்சம்."

"நேற்று வேறு ஏதாவது புதிதாக இருந்ததா? எவ்வளவு சின்ன விசயமானாலும் சரி."

அனிகா யோசித்தாள். "தேநீர் கொஞ்சம் உப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வழக்கமோ என்று நினைத்தேன். மரியாதைக்காக முழுவதையும் குடித்துவிட்டேன்."

முத்துக்குமாரு வயிறு குலுங்கச் சிரித்தார். குசினிப் பக்கம் திரும்பித் தமிழில் சத்தம் போட்டார். "டேய் கஜீவன், நேற்றுச் சீனியெண்டு உப்பைப் போட்டுக் குடுத்தனியோ? பாவம், உவள் முழுக்கக் குடிச்சிருக்கிறாள்."

"ஓம் அண்ணை" என்றது உள்ளிருந்து வந்த குரல். "அவசரத்திலை டப்பா மாறிப்போச்சு."

லெனாட்டும் சிரித்தான். தக்சாயினி சிரிக்கவில்லை. அவள் எழுந்து முற்றத்துக் கிணற்றடிக்குப் போனாள்.

12.05. குசினியில் அவளே கேத்தலை அடுப்பில் வைத்தாள். கஜீவன் வாசலில் நின்று பார்த்தான்.

"நான் ஊத்தித் தாறன் மிஸ்."

"வேண்டாம்."

அவள் ஒரு கோப்பையை அனிகாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அனிகா ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"இதுதான். நேற்றுக் குடித்தது இதேதான்."

"இதில் நான் உப்பும் போடவில்லை, சீனியும் போடவில்லை. இந்த விடுதி வளவுக் கிணற்றுத் தண்ணீர்" என்றாள் தக்சாயினி. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள். "கமராவை எடுத்தது கஜீவன்."

முத்துக்குமாரு எழுந்தார். "என்ன மிஸ் கதைக்கிறியள்? அவன் எங்கடை பெடியன்."

"ஐயா, இந்தத் தீவிலை ஆரும் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணியிலை தேத்தண்ணி ஊத்தமாட்டினம். நல்ல தண்ணி கையிலை இல்லாட்டித்தான் ஊத்தவேணும். நேற்று ஐஞ்சு மணிக்கு இவரின்ரை கலனிலை நல்ல தண்ணி இல்லை. அப்பிடியெண்டால் இவர் அந்தக் கிணத்தடிக்குப் போகவே இல்லை. படலையாலை போய், பிரதீபா அக்கா பின்னாலை போனாப்பிறகு திரும்பி வந்து, குசினி ஆணியிலை கிடந்த சாவியாலை அறையைத் திறந்தவர். வேலை முடிய இந்த வளவுக் கிணத்திலையே கலனை நிரப்பிக்கொண்டு, தூரத்திலையிருந்து வந்த மாதிரிக் காட்டினவர். ஐஞ்சு மணிக்குத் தேத்தண்ணி குடுத்தே ஆகவேணும். வெளிநாட்டுக்காரிக்கு எங்கடை தண்ணியின்ரை உருசி என்ன தெரியப்போகுது எண்டு நினைச்சிட்டார்."

"உப்பு மாறிப்போச்செண்டு சொன்னான்தானே?"

"அனிகா சீனியே போடுறதில்லை. அதை எனக்குச் சொன்னவரே இவர்தான். அவவின்ரை கோப்பைக்குள்ளை எந்தக் கரண்டியும் போகாது. பிறகு எந்த டப்பா மாறுறது? நீங்கள் பகிடியாய் ஒரு காரணம் சொன்னீங்கள். அவர் அதைப் பிடிச்சுக்கொண்டார்."

முத்துக்குமாரு திரும்பிக் கஜீவனைப் பார்த்தார். 

"என்ன படம் கஜீவன்?" தக்சாயினி மெதுவாகக் கேட்டாள். "கடலட்டையோ?"

கஜீவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "அனுமதி இல்லாமல் பிடிச்சது மிஸ். படம் வெளியாலை போனால் வள்ளத்தைப் பறிச்சுக்கொண்டு போவினம். அந்தப் படத்தை மட்டும் அழிக்கத்தான் நினைச்சனான். அந்தச் சாமானிலை எங்கை அமத்திறதெண்டு தெரியேல்லை. அதுக்குள்ளை அவ வாற நேரமாப்போச்சு."

"எங்கை இப்ப?"

"முற்றத்துக் கிணத்தடியிலை, ஓலைக் கிடுகுக் கட்டுக்குள்ளை."

லெனாட் போனான். சாரத்துண்டு ஒன்றில் சுற்றிய கமராவோடு வந்தான். அனிகா அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பிரதீபா அக்காவை நினைக்கேல்லையோ?"

"அவவிட்டைச் சாமான் இல்லைத்தானே மிஸ். ரெண்டு நாளிலை விட்டிடுவினமெண்டு நினைச்சன்."

மாமரத்தடியில் நின்ற பிரதீபா அவனை ஒருமுறை பார்த்தாள். கஜீவன் நிலத்தைப் பார்த்தான்.

12.40. லெனாட் கஜீவனை அழைத்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றான். முத்துக்குமாரு பிரதீபாவின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"சரி பிள்ளை. எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. நானும் உன்னையெண்டு முழுசா நம்பேல்லை. ஆக்கள் சொன்னவை, அதாலை வந்து பாத்தனாங்கள். இப்ப குசினிக்கும் ஆளில்லை, நீ போய் உலையை வை. உவ அனிகாவும் பசியோடை இருக்கிறா."

பிரதீபா கையிலிருந்த விளக்குமாற்றை மாமரத்தில் சாத்தினாள். பாவாடையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினாள். செருப்பை மாட்டினாள்.

"பிள்ளை, உனக்குத்தான் சொல்லுறன்."

அவள் படலையைத் திறந்தாள். அவளுடைய வீட்டுக்குப் போகப் பின்பக்கத்தால் குறுக்குப் பாதை ஒன்று இருந்தது. அவள் அதில் திரும்பவில்லை. துறையடியில் ஒரு மணிப் படகுக்குச் சனம் கூடி நின்றது. தலையை நிமிர்த்திக்கொண்டு, அவர்கள் நடுவால் தனியாக நடந்து போனாள்.