நாலாக மடித்த பாலிதீன் பை

ஏழாம் சுரங்கப்பாதையில் அன்று காலை இருந்தவர்கள்: வாயு சோதிக்கிறவள், நிலக்கரி வெட்டும் இயந்திரம் ஓட்டுகிற அவள் அண்ணன், மேனேஜர். பதிவேட்டின்படி மூன்றே பேர்.

இரும்புக் கதவைத் தாண்டியதும் அவள் பார்த்தது சுவரிலிருந்த வாயுமானியை. சிவப்பு விளக்கு எரிந்தது. வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயு கூடினால் அந்த மானி இயந்திரத்தின் மின்சாரத்தை வெட்டிவிடும். வேலை நிற்கும். அது பிடிக்காதவர்கள் அதன் வாயில் பாலிதீன் பையை மாட்டி நூலால் கட்டிவிடுவார்கள். அந்த வித்தையைத் தொடங்கி வைத்தவர் பழைய மேஸ்திரி. போன வருடம் இதே பாதையில் வெடித்த தீயில் அவரும் கருகினார்.

நேற்று கட்டிய பை இன்று மானியில் இல்லை. கீழே ஒரு கல்லின்மேல், நாலாக மடிக்கப்பட்டுக் கிடந்தது.

"மூணு நாளா இதே கூத்து," மேனேஜர் பல்லைக் கடித்தார். "நீதானே அவுத்தே?"

"நான்னா கிழிச்சுப் போட்டிருப்பேன் சார். மடிச்சு வைக்கிற பொறுமை எனக்கேது?"

"உண்மைதான் சார்," என்றான் அண்ணன். "வீட்ல போர்வையே மடிக்க மாட்டா."

"சார், மீத்தேன் ரெண்டு சதவீதம் காட்டுது," என்றாள் அவள். "ஒண்ணேகாலைத் தாண்டினாலே மெஷினை நிறுத்தணும்."

"மானி கெட்டுப் போச்சு." அவரே பையை மாட்டி முடிச்சுப் போட்டார். எண் மெல்ல இறங்கியது. சிவப்பு அணைந்தது. "மெஷினை எடுப்பா."

அண்ணன் இருக்கையில் ஏறினான். ஒரே ஒரு பொறி போதும்.

மீத்தேனுக்கு வாசனை கிடையாது. ஆனால் அவள் மூக்கில் முட்டிவலித் தைலம் ஏறியது. பழைய மேஸ்திரி தேய்த்துக்கொண்டு வரும் அதே தைலம். அதற்கடியில், தீய்ந்த தோலின் வாடை.

யாரோ நடந்தார்கள்.

ஒரு காலை இழுத்து, இழுத்து.

முடிச்சு நெளிந்தது.

பை கழன்று, அந்தரத்தில் நின்று, பாதியாக மடிந்தது. மறுபடி பாதியாக. கல்லின்மேல் போய் அமர்ந்தது.

சிவப்பு எரிந்தது.

"காத்து," மேனேஜர் கிசுகிசுத்தார். "வெறும் காத்து. திரும்பக் கட்டு."

அவள் பையை எடுத்துப் பல்லால் கிழித்தாள். பிறகு இருட்டைப் பார்த்துப் பேசினாள்.

"மேஸ்திரி, நீங்க கத்துக்குடுத்த கட்டு. அதை அவுக்க நீங்க செத்துப்போக வேண்டியிருந்துச்சு. நான் உசிரோட இருக்கும்போதே அவுத்துட்டேன். என்னைப் பயமுறுத்தாதீங்க."

இழுத்து நடந்த கால் நின்றது.

"அண்ணே, இறங்கு."

"வேலை போயிடும்டி."

"வேலைதானே? போகட்டும்."

அவன் இறங்கினான்.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்க மாட்டீங்க!" மேனேஜரின் குரல் உடைந்தது.

"இந்தப் பாதை மூடியாச்சு சார். அவசரம்னா வேற பை கட்டி நீங்களே ஏறி ஓட்டுங்க."

மேனேஜர் இருக்கையைப் பார்த்தார்.

ஆளில்லாத அந்த மெத்தை, யாரோ உட்கார்ந்ததுபோல் மெதுவாக அமுங்கியது.

அவர் ஓடிய ஓட்டத்தில் தலைக்கவசம் உருண்டது. எடுக்க நிற்கவில்லை. அண்ணன் பின்னால் போனான். அவள் கடைசியாக வெளியே வந்து, பாதையைப் பூட்டச் சாவியைத் தேடினாள்.

தேவைப்படவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கதவு தானே சாத்திக்கொண்டது. உள்பக்கத் தாழ்ப்பாள், அவசரமே இல்லாமல், நகர்ந்து விழுந்தது.