கரடிக்கூட்டில் மடித்த இலை

கரடி தின்ற தட்டைக் கழுவி வைக்காது. இதைச் சொல்ல மிருக வைத்தியர் வேண்டாம், கரடிக்கூட்டை ஒரு தரம் கூட்டியவர்களுக்கே தெரியும். கஞ்சித் தொட்டியை அது உருட்டும், கடிக்கும், குணம் கெட்ட நாளில் அதிலேயே அசிங்கமும் பண்ணி வைக்கும். அன்று காலை உள்ளறையின் நடுவில் தகரத் தொட்டி பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் முதுகில் தண்ணீர்க் கோப்பையும் கவிழ்ந்திருந்தது. விளக்குமாற்றைப் பிடித்த கையோடு கமலாட்சி அப்படியே நின்றுவிட்டாள். தகரத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

கரடிகள் இரண்டும் வெளித்தளத்தில், அகழியின் விளிம்பில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூறலில் நனைந்து கிடந்தன. உள்ளே வர வழி திறந்துதான் இருந்தது. ராத்திரி முழுக்க அவை வரவில்லை என்பதை ஈரம் ஊறிய அவற்றின் மயிரே சொல்லிற்று.

இப்படிக் கழுவிக் கவிழ்த்து, அதன்மேல் கோப்பையையும் கவிழ்க்கிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் நல்லையா. தான் சாப்பிட்ட தட்டை அவன் பிறத்தியார் தொட விடமாட்டான். அவள் பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்பதும் அவனுக்கு ஆகாது. பக்கத்துத் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ஒக்காரு புள்ள, ரெண்டு பேருமா சாப்பிடுவோம்" என்பான். தோட்டத்து லயத்து வீட்டுப் பொம்பளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கமலாட்சிக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த நல்லையா எண்பத்தொன்பதில் கரடிக்குக் கருப்பட்டி வாங்க மாத்தளைக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை. நம்பர் பலகை இல்லாத வேனில் ஏற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். மறுநாள் போய்க் கேட்டால், தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றார். ஆட்களை இப்படித் தூக்கிப்போன அந்த வருஷம், ஊரில் கண் இருந்தவர்கள் எல்லாரும் குருடர்கள்தான். இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. மிருகக்காட்சிச்சாலையில் இரக்கப்பட்டு அவன் பார்த்த கரடிக்கூட்டு வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். நல்லையாவின் அக்கா ராசம்மா மட்டும் வாரம் தவறாமல் வந்து, ஒரு இலை போட்டுப் படைத்துக் காரியத்தை முடிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"பொணத்த காட்டுங்க மதினி. அப்புறம் படைக்கிறேன்" என்பாள் கமலாட்சி. தாலியும் பொட்டும் அவள் மேலேயே இருந்தன.

கவிழ்ந்த தொட்டியிலிருந்து கண்ணை எடுத்தபோதுதான் பின்சுவரில் இருந்த கறுத்த வாய் அவள் பார்வையில் பட்டது. போன கிழமை வரை அந்த இடத்தில் ஒரு செங்கல் சுவர் இருந்தது.

ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் மலை ஏறும் பாதையோரத்தில் இருந்த அந்தச் சின்ன மிருகக்காட்சிச்சாலையில், கரடிக்கூடுதான் பேர்போனது. சுதந்திரம் கிடைத்த புதிதில், சீமையில் படித்துவிட்டு வந்த யாரோ ஒருவர் கட்டியது. கம்பி இல்லை, கிராதி இல்லை. பூச்சும் வர்ணமும் இல்லாத வெறும் கொங்கிறீற்று நத்தைக்கூடு மாதிரி சுருண்டு எழும்பி நிற்கும். வார்த்த பலகைகளின் ரேகை இன்னும் சுவரில் அச்சாக இருந்தது. உலகத்தில் இப்படி நாலைந்துதான் மிச்சமாம். அதைக் காப்பாற்ற வேண்டுமென்று கொழும்பிலிருந்து, பழைய கட்டடங்களைப் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்த ஒரு நோனா வந்தாள். பழைய வரைபடத்தை விரித்து, அதில் இல்லாததையெல்லாம் எடுக்கச் சொன்னாள்.

செங்கல் சுவரும் வரைபடத்தில் இல்லை.

கமலாட்சி அன்றைக்கே மேசன் வேலைக்குப் பொறுப்பாக இருந்த ரவூபிடம் ஓடினாள். "நானா, அத மட்டும் ஒடைக்காதீங்க. வருசா வருசம் அவருதான் அதுக்குச் சீமெந்து பூசுவாரு. அவருக்கு முந்தி இருந்தவங்களும் பூசுனாங்களாம். வேணாம்னுதானே அடச்சுக் கட்டிருக்காங்க."

"ஏன் வேணாமாம்?"

அவளுக்குத் தெரியவில்லை. நல்லையாவுக்கும் தெரிந்திருக்காது. பூசு என்றார்கள், பூசினான்.

"நான் என்ன தங்கச்சி செய்யிற? பிளேன்ல இல்லாதது இரிக்கப்படாதுன்னு நோனா சொல்றா. உள்ளுக்கு ஒண்டுமில்ல, சும்மா ஒரு நடைபாத. நாலு எட்டு வெச்சா செவரு. நானே கையால தொட்டுப் பாத்தேன்." ரவூப் நல்ல மனுஷன்தான். கரடிக்காரி பேச்சும் மேசன் பேச்சும் அம்பலம் ஏறாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அந்த வாயிலிருந்து ஈர மண் வாசம் வந்தது. கரடி நாற்றம் இல்லை. மழையில் நனைந்து, காயாமலே மடித்து வைத்த துணியின் வாசம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டு, வாயருகே குனிந்து மெல்லக் கேட்டாள்.

"நீங்களா?"

காதைச் சுவரில் வைத்தாள். பிறகு, வளைந்த சுவரில் உருண்டு உருண்டு, தரையில் உள்ளங்கை தட்டும் சத்தம். தட். தட்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் வருஷக்கணக்கில் கழித்துத் திரும்பிய கதைகள் அப்போது நிறைய உலவின. அவனும் அப்படித்தான். பகலில் தலைகாட்டப் பயப்படுகிறான். யாரிடமாவது சொன்னால் மறுபடியும் ஒரு வேன் வரும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று முதல் கரடிக் கஞ்சியோடு வாழையிலையில் ஒரு சோற்றுப் பொட்டலமும் போயிற்று. பருப்பு, பலாக்கொட்டைக் கறி, ஒரு துண்டுக் கருவாடு. அந்தக் கறுத்த வாயருகே இலையை விரித்து வைத்துவிட்டு வருவாள். காலையில் இலை வழித்த மாதிரி இருக்கும், ஒழுங்காக மடித்திருக்கும். தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ராசம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "என்னா கமலா, மொகமெல்லாம் மினுங்குது?" என்று கேட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாய்க்கு மூடி ஏது? கமலாட்சி சிரித்து மழுப்பினாள்.

கரடிகள்தான் அவள் சந்தோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. பசி வயிற்றைக் கிள்ளினாலும் உள்ளே வர மாட்டோம் என்றன. கருப்பட்டியைக் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டன. கிழட்டு ஆண் கரடி, அந்தக் கறுத்த வாயின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னங்காலைச் சூப்பியபடி குழந்தை மாதிரி முனகிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு காலை, இலை மாறி மடிந்திருந்தது.

கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். சாவு வீட்டில், இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டுக்கு மறுபடி வரவேண்டாமென்று, தன்னை விட்டு எதிர்ப்பக்கமாக மடிப்பார். இலைநுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வரும்; அது கிடந்த பக்கத்தைப் பார்த்தால் உண்டவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்பது தெரியும். அவள் அந்தப் பக்கம் போய்க் குந்திப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். சந்தேகமே இல்லை, எதிர்ப்பக்கமாகத்தான் மடிந்திருந்தது.

இருட்டில் கை மாறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ரெண்டு வருஷம் காட்டில் கிடந்தவனுக்கு முறைமை மறந்திருக்கும். ஆனால் சாப்பாடு போட்டது அவள். அப்படியென்றால் சாவு வீடு யாருடையது? அந்தக் கேள்வியை முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மத்தியானம் ரவூப் வந்தான். "நாளைக்கு லைட் போட ஆக்கள் வாறாங்க தங்கச்சி. நடைபாதைய சனத்துக்குத் தொறக்கப் போறாங்களாம்."

நாளைக்கு ஆட்கள் வருவார்கள். அவனைப் பார்த்துவிடுவார்கள். அவளுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று. இலையைப் பற்றி நினைக்க இனி நேரமில்லை. அன்று சாயங்காலமே அவனை வெளியே எடுத்தாக வேண்டும். மிளகுத் தோட்டத்து வழியாக இறங்கினால் கீழே அவள் தம்பி வீடு. நல்லையாவின் சாரத்தையும் சட்டையையும் பையில் திணித்தாள். பழக்கதோஷத்தில் சோற்றுப் பொட்டலத்தையும் கட்டிக்கொண்டாள்.

கடைசிப் பார்வையாளர்களும் பஸ் ஏறிய பிறகு, மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ஒவ்வொரு கூட்டையும் மூடியது. குரங்குகள் அன்று சீக்கிரமே அடங்கிவிட்டன. உள்ளறைக்குள் நுழைந்து, தான் வந்த வழியின் இழுவைக் கதவு விழாதபடி அதன் சங்கிலியை ஆணியில் மாட்டி, அது நின்றதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, டோர்ச்சை அடித்துக்கொண்டு அந்த வாய்க்குள் குனிந்தாள். வெளியே கிழட்டுக் கரடி ஒரு தரம் கத்தியது.

இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தாள். பலகை ரேகைகள் விரலுக்கடியில் ஓடின. சுவர் வளைந்தது. நாலு எட்டில் முடியும் என்றானே ரவூப். இன்னும் வளைந்தது. கொங்கிறீற்றின் குளிர் உள்ளங்கை வழியாகத் தோள் வரை ஏறியது.

"என்னங்க... நான்தான். கமலா."

அவள் குரல் முன்னால் ஓடிப்போயிற்று. திரும்பி வரவே இல்லை. சுவர் இருந்தால் திரும்பியிருக்கும்.

மண் வாசம். ஈரத்துணி வாசம். காலடியில் கொங்கிறீற்று இல்லை, சேறு.

திரும்பிப் பார்த்தாள். வந்த வழியில் வெளிச்சம் இல்லை. வளைவுதான் மறைக்கிறது என்று நினைத்தாள். அப்போது, வெகு தூரத்தில், சங்கிலி கடகடவென்று ஓடியது. இழுவைக் கதவு விழுந்தது.

அவள்தானே மாட்டினாள். இழுத்தும் பார்த்தாளே.

ஓடத் தோன்றியது. சேறு காலை விடவில்லை.

தட். தட்.

பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

டோர்ச்சைத் தாழ்த்தினாள். முதலில் ஒரு முழங்கால். சேறு அப்பிய சாரம். நல்லையா சுவரில் முதுகு சாய்த்துச் சம்மணம் கொட்டியிருந்தான். மாத்தளைக்குப் போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. தலை கவிழ்ந்திருந்தது. முகம் தெரியவில்லை.

"எந்திரிங்க. போயிருவோம்" என்றாள்.

வெளிச்சம் நகர்ந்தது. அவனை அடுத்து இன்னொரு முழங்கால். அதை அடுத்து இன்னொன்று. ஆண்கள். இளந்தாரிகள். பாவாடை கட்டிய ஒருத்தி. வளைந்த சுவரோரமாக, தோளோடு தோள் ஒட்டி, பந்தியில் உட்கார்ந்த மாதிரி. டோர்ச் எட்டிய மட்டும் இருந்தார்கள். எட்டாத இடத்திலும் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

யாருக்கு முன்னாலும் இலை இல்லை.

நல்லையாவைத் தவிர ஒருவருக்கும் கை முன்னால் இல்லை. எல்லாக் கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன.

சோற்றின் வாசம் அவர்களை எட்டியிருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக, வரிசையாக, தலையை நிமிர்த்தாமலே, வாயைத் திறந்தார்கள். திறந்தபடியே காத்திருந்தார்கள்.

கமலாட்சி கையில் இருந்தது ஒரே ஒரு பொட்டலம்.

நல்லையா சற்று நகர்ந்து, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். அவன் தட்டிய இடத்தில், நுனியை இடப்பக்கம் வைத்து, தண்ணீர் தெளித்த ஒரு இலை ஏற்கனவே போட்டிருந்தது.