வாலை அழிக்க மாட்டேன்

“அந்த வாலை அழிச்சிடு ஓடெட்,” என்றார் லவோய் சார்.

“மாட்டேன் சார்!”

ஐந்தாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஜூன் பிறந்துவிட்டால் மெய்ன் மாநிலத்தில் பைன் மரத்து மகரந்தம் யாரையும் விட்டுவைக்காது. கார், ஜன்னல், மூக்கு எல்லாம் மஞ்சள். அதில் ஒரு சிட்டிகையைக் குளத்துத் தண்ணீரில் தூவி, ஜாம் பாட்டிலில் நாலு நாள் வைத்திருந்தாள் ஓடெட். மகரந்தத்தின்மேல் பூஞ்சை முளைத்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்து அப்படியே வரைந்தாள். உருண்டையாக ஒரு பை. அதன் அடியில் வேர் மாதிரி மெல்லிய இழைகள். பக்கத்தில் நீந்தும் குட்டிக் குட்டிப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே ஒரு வால்.

“பூஞ்சை முளைச்ச இடத்துலயே கிடக்கும்மா. காளானும் பூஞ்சைதான், அது எங்கயாவது நீந்துமா?” என்றார் சார்.

“ஏய் ஓடெட், உன் பீட்சாவைக் கெட்டியா பிடிச்சுக்கோ. காளான் ஓடிரப் போகுது!” என்றான் வேட். வகுப்பே சிரித்தது.

“வாலோட இது மாவட்டக் கண்காட்சிக்குப் போகாது,” என்றார் சார்.

ஓடெட் படத்தைப் பார்த்தாள். அது போகவேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை!

“அப்போ போகவே வேணாம். கண்ணால பாத்ததைத்தான் வரைஞ்சேன். அழிச்சா அது பொய். நீங்களே வந்து பாருங்க சார்!”

சார் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பை இருந்தது, இழைகளும் இருந்தன. “ஒண்ணுமே நீந்தலையே?”

ஓடெட்டுக்குத் திக்கென்றது. நேற்று மட்டும் எப்படி நீந்தின? யோசித்தாள். ஆ! நேற்று புதுசாகத் தண்ணீர் விட்ட பிறகுதானே பார்த்தாள்!

குளத்திலிருந்து அன்று எடுத்துவந்த தண்ணீரை ஒரு சொட்டு பூஞ்சைமேல் விட்டாள். “கணக்கு வகுப்பு முடியட்டும் சார். அப்புறம் பாருங்க.”

கணக்கு முடிந்தது. சார் மறுபடி குனிந்தார்.

“அடேங்கப்பா! பை திறந்துக்கிச்சு! தலைப்பிரட்டை மாதிரி என்னமோ வெளியே வருதே!”

“வால் இருக்கா சார்?”

“இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இருக்கு.”

“வேர் விட்ட அதே பையிலேர்ந்துதானே வருது?”

“ஆமாம்மா. தப்பு என்மேலதான். படம் கண்காட்சிக்குப் போகுது. வாலோட!”

சொல்லிவிட்டும் அவர் கண்ணை எடுக்கவில்லை. மணி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. வேட் முதல் ஆளாக வரிசையில் நின்று எட்டி எட்டிப் பார்த்தான்.

“சார், போதும் நகருங்க,” என்றாள் ஓடெட். “பின்னாடி எத்தனை பேர் நிக்கிறோம் பாருங்க!”