லம்போராவுக்குப் போன நான்கு பேர்

சாலை அங்கே அறுந்து கிடந்தது. மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் யாரும் போகக்கூடாது என்று அங்கே முகாம் போட்டிருந்த கெரங்கா தீவின் ராணுவ அதிகாரி தடுத்தார். அப்பால் இருந்த லம்போரா கிராமம் நிலநடுக்கத்தில் முழுவதுமாக அழிந்துவிட்டது, அங்கே போய்ப் பயனில்லை என்றார்.

டாக்டர் பூரணி யூசுப்பைப் பார்த்தாள். விமான நிலையத்திலிருந்து அவளையும் அவளோடு வந்த இருவரையும் ஏற்றிவந்த லாரி டிரைவர் அவன். அவனுடைய மனைவி மெலாத்தி லம்போராவில் பிரசவம் பார்ப்பவள். அழிந்த ஊரில் அடுப்பு எப்படி எரியும் என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டபடி அவன் கையை நீட்டினான். மலைக்கு அந்தப் பக்கம் மெல்லிய கோடாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"நடந்தே போயிருவோம்" என்றாள் பூரணி.

பூரணி தூத்துக்குடியில் அறுவைச் சிகிச்சை நிபுணர். செய்தியைப் பார்த்த அன்றே தெரிந்த டாக்டர்கள், நர்சுகள் எல்லோருக்கும் போன் போட்டாள். இருபது பேருக்கு மேல் வருகிறோம் என்றார்கள். பிறகு ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை, இன்னொருவருக்கு பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது, சிலர் போனையே எடுக்கவில்லை. விசாவுக்கும் மருந்துப் பெட்டிகளுக்கான அனுமதிக்கும் அலைந்ததில் பொன்னான இரண்டு நாட்கள் போயின. கடைசியில் விமானம் ஏறியவர்கள் மூன்றே பேர்: பூரணி, மயக்க மருந்து நிபுணர் செல்வின், நர்ஸ் ஜெசிந்தா.

சுமக்க முடிந்ததை மட்டும் முதுகில் கட்டிக்கொண்டு நால்வரும் சரிவில் ஏறினார்கள். கால் வைத்த இடமெல்லாம் மண் நழுவியது. உச்சியைத் தாண்டி இறங்கியபோது குறுக்கே ஆறு சேறாகப் பொங்கி ஓடியது. யூசுப் முதலில் நீந்திப்போய் ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டினான். அதைப் பிடித்து ஒவ்வொருவராகக் கடந்தார்கள். நட்டாற்றில் மிதந்துவந்த மரத்துண்டு ஒன்று செல்வினின் தோளில் மோதியது. சலைன் மூட்டை அவிழ்ந்து தண்ணீரோடு போனது. அவன் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்தான். மற்ற மூவரும் சேர்ந்து அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டபோது அவன் கையில் நான்கு பாட்டில்களே இருந்தன.

எழுந்து நடந்தார்கள்.

லம்போராவில் ஒரு சுவரும் நிற்கவில்லை. பிழைத்திருந்தவர்கள் பள்ளி மைதானத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காயம் அழுகத் தொடங்கியிருந்தது. மெலாத்தி அங்கே இல்லை. பிரசவ அறை இடிந்த இடத்தில் உத்தரத்தின் கீழ் வலது கால் நசுங்கியபடி கிடந்தாள். உயிர் இருந்தது. அக்கம்பக்கத்தார் அவளுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

உத்தரத்தை ஏன் தூக்கவில்லை என்று யூசுப் அவர்கள் மேல் பாய்ந்தான். அவர்கள் அழுதுகொண்டே சொன்னதை அவன் மெதுவாக மொழிபெயர்த்தான். முந்தின நாள் மூன்று பேரை இப்படித்தான் தூக்கி எடுத்தார்களாம். மூவரும் நன்றாகப் பேசினார்கள், தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் செத்துப்போனார்கள். அதனால் இவளைத் தொடவே பயமாக இருந்தது.

பூரணிக்குக் காரணம் தெரியும். நாள்கணக்காக நசுங்கிய சதையிலிருந்து விஷம் ரத்தத்தில் கலக்கும். பாரத்தை எடுத்ததும் அது இதயத்தையே நிறுத்திவிடும். எடுப்பதற்கு முன்பே சலைன் ஏற்றியிருந்தால் அந்த மூவரும் ஒருவேளை பிழைத்திருப்பார்கள். அதை அவள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

"கால எடுத்தாத்தான் உயிரு. நாலு பாட்டிலும் இவளுக்கே போயிரும்" என்றாள் செல்வினிடம்.

"மைதானத்துல இருக்கவங்களுக்கு?"

பூரணி முதல் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

இடிபாட்டுக்குள் படுத்தபடியே முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தாள். மெலாத்தியின் தலையை யூசுப் மடியில் பிடித்திருந்தான். நாடித்துடிப்பு இரண்டு முறை தடுமாறி, பிறகு நிதானத்துக்கு வந்தது.

அன்று மாலைக்குள் மைதானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். கொண்டுவந்த மருந்தும் தீர்ந்தது. யாராவது முகாமுக்குத் திரும்பிப்போய் உதவி கேட்டாக வேண்டும். ஒரே ஒரு ஆளைத்தான் தூக்கிச் செல்ல முடியும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மெலாத்தி தங்கமாட்டாள்.

விடிந்ததும் மூங்கிலில் தூளி கட்டினார்கள். ஜெசிந்தா மட்டும் பையை எடுக்கவில்லை.

"நீங்க போங்க டாக்டர். நான் இங்கனயே இருக்கேன்."

"மருந்தே இல்லாம நீ என்னத்தப் பண்ணுவ?"

"தண்ணியாவது குடுப்பேன்லா. எல்லாருமா கெளம்பிட்டா இவுக என்ன நினைப்பாவ?"

ஊர்க்காரர் ஒருவர் தூளியின் நாலாவது முனையைத் தோளில் வாங்கிக்கொண்டார். ஆற்றையும் சரிவையும் கடந்து முகாமை அடைந்ததும் தூளியை அதிகாரியின் முன்னால் இறக்கினார்கள். அதிகாரி தூளியில் கிடந்தவளைப் பார்த்தார். அழிந்துவிட்டது என்று அவர் சொன்ன ஊரிலிருந்து வந்தவள் அவரிடம் தண்ணீர் கேட்டாள். அவர் உடனே ரேடியோவை எடுத்தார்.

ஆனாலும் மேகம் கலைந்து ஹெலிகாப்டர் பறக்க மேலும் ஒரு நாள் ஆனது. அது லம்போராவில் காயம்பட்டவர்களில் உயிரோடிருந்த ஒன்பது பேரையும் ஜெசிந்தாவையும் கொண்டுவந்தது. தான் அங்கிருந்து கிளம்பியபோது மைதானத்தில் அதைப்போல மூன்று மடங்கு பேர் இருந்ததைப் பூரணி அறிவாள்.

தூத்துக்குடியில் பாராட்டுக் கூட்டம் வைத்து பொன்னாடை போர்த்தினார்கள். மெலாத்தி பிழைத்துவிட்டாள் என்று யூசுப் அனுப்பிய செய்தியை மேடையில் வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் ஜெசிந்தா பொன்னாடையை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"ரெண்டு நா முன்னாடி போயிருக்கணும் டாக்டர்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூரணி முன்பு போன் போட்ட டாக்டர்கள், நர்சுகள் எல்லோரையும் மறுபடியும் கூப்பிட்டாள். எந்த நாட்டிலும் எதுவும் நடந்திருக்கவில்லை, அடுத்த முறை அன்றே கிளம்பத்தான் இப்போதே கூடுகிறோம் என்று சொன்னாள். ஆறு பேர் வந்தார்கள். அவர்களை உட்காரவைத்து, பிழைத்தவளைப் பற்றி அல்ல, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் செத்துப்போன மூவரைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள்.